பெயர்த்தெடுத்த கல்லின் முதுகு

டைல்ஸைக் கொத்தனார்கள் 'கல்' என்றுதான் சொல்கிறார்கள். மண்ணைப் பொடித்து, அழுத்தி, சுட்டுச் செய்த ஒன்றுக்குக் கல் என்கிற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பது தனி ஆராய்ச்சி. இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். இதை எழுதத் தூண்டியதே ஒரு கொத்தனாரின் வாக்கியம்தான். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், நண்பரின் பூர்வீக வீட்டில் பழைய கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, உடையாமல் வந்த முதல் கல்லைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "மொகத்தப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. முதுகப் பாத்தாத்தான் எந்தூருக் கல்லுன்னு தெரியும்."

வீடு பெரியது. நண்பருக்கு அதில் உள்ள பங்கு ஓர் இரட்டை அறையும் இரண்டாங்கட்டில் கொஞ்சம் இடமும். வருஷத்துக்கு ஒருமுறை படைப்புக்கும், இடையில் ஏதாவது கல்யாணத்துக்கும் வந்து தங்குகிறவர்களுக்கு அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும் என்று குடும்பத்தில் நெருக்கடி. பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று. குளியலறை வரவேண்டிய இடத்துச் சுவரில்தான், தரையிலிருந்து ஏறக்குறைய இடுப்பு உயரத்துக்கு, ஆறங்குலச் சதுரக் கற்கள். பச்சைப் பின்புலத்தில் புடைத்து நிற்கும் ரோஜா. சதுர அடிக்கு நாலு கல். இருபதடி நீளம், மூன்றடி உயரம் என்றால் 240 கல். பழம்பொருள் வியாபாரி ஒருவர் முன்பே வந்து எண்ணிவிட்டுப் போயிருந்தார்.

எடுக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொத்தனார் முதலில் சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். 'ணங்'கென்றால் பிடிப்பு இருக்கிறது. 'டொப்'பென்றால் பின்னால் சாந்து விட்டுப்போயிருக்கிறது. பிறகு ஓரத்தில் ஏற்கெனவே விரிசல் கண்ட ஒரு கல்லைப் பலி கொடுத்து உடைத்தார். அப்போதுதான் அடுத்த கல்லின் பக்கவாட்டில் உளி நுழைய இடம் கிடைக்கும். உளியைச் சுவருக்கு இணையாகப் படுக்கவைத்து, கல்லுக்கும் சாந்துக்கும் நடுவில் மெதுவாகத் தட்டித் தட்டி உள்ளே விடவேண்டும். முகத்தில் அடி விழவே கூடாது. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெத்தென்றது. அடி படும்போது சாந்து பொடிந்து கல் பிழைத்துக்கொள்கிறது. சிமெண்டில் பதித்தது என்றால் கதையே தலைகீழ். முதுகிலுள்ள வரிப்பள்ளங்களுக்குள் ஏறி இறுகிவிட்ட சிமெண்ட், கல்லைக் காட்டிலும் பலம். அங்கே உளி வைத்தால் போவது கல்தான். இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி போர்பந்தரில் 1914-ல் நிலைபெற்றது. நம் பக்கத்து மதுக்கரை ஆலை 1934-ல் வந்தது. சுண்ணாம்பிலிருந்து சிமெண்டுக்கு மாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்து வீட்டில் இரண்டையும் ஒரே சுவரில் பார்க்க முடியும். நண்பர் வீட்டுச் சுவரின் தென்பாதி சுண்ணாம்பு. வடபாதி, பிற்பாடு ஏதோ பழுதுபார்த்தபோது மாற்றிப் பதித்திருக்க வேண்டும், சிமெண்ட். தென்பாதியில் நூற்றுக்கும் மேல் முழுசாக வந்தன. வடபாதியில் ஏழெட்டுத் தேறியது. நாளைக்கு ஏதாவது ஒரு கண்காட்சிக் கூடத்தில் 'எஞ்சிய பாரம்பரியம்' என்று வைக்கப்படப்போவது எது என்பதை, அந்தக் காலத்துக் கொத்தனார் ஒருவர் எந்தச் சட்டியிலிருந்து சாந்தை அள்ளினார் என்பதே தீர்மானித்திருக்கிறது.

சரி, முதுகுக்கு வருவோம். கழுவித் துடைத்தபோது சுண்ணாம்பு வெள்ளைக்கு அடியில் புடைத்த ரோமன் எழுத்துகள் தெரிந்தன: மேட் இன் ஜப்பான். எண்பது தொண்ணூறு வருஷமாக அந்த எழுத்துகள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன. அந்த வீட்டில் பிறந்து செத்துப்போன எத்தனையோ பேர் இந்த ரோஜாவைத் தினமும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அதன் முதுகைப் பார்த்ததில்லை. பதித்தவர் பார்த்திருப்பார், பெயர்த்தவர் பார்க்கிறார். நடுவில் வாழ்ந்தவர்களுக்கு முகம் மட்டும்தான்.

வால்டர் பெஞ்சமின் 1933-ல் எழுதிய 'அனுபவமும் வறுமையும்' என்ற சிறு கட்டுரையில் கண்ணாடி பற்றிய ஒரு சிந்தனை வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் அறை, வாழ்ந்தவரின் தடயங்களைச் சேகரித்து வைக்கும் இடம். கண்ணாடியாலும் எஃகாலும் ஆன புதிய கட்டடமோ தடயம் பதிய இடம்தராதது என்பது அவர் வாதம். கண்ணாடிப் பூச்சுப் பூசிய சுவர்க்கல்லையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். தலை எண்ணெய், கைரேகை, குங்குமம், எச்சில், குழந்தை கிறுக்கிய பென்சில் கோடு எல்லாவற்றையும் ஈரத்துணியால் ஒரு இழுப்பில் அழித்துவிடலாம் என்பதே அதன் விற்பனைப் பெருமை. அதாவது முகம் மறதிக்காகவே செய்யப்பட்டது. முதுகு அப்படியல்ல, பிடிப்புக்காகச் செய்யப்பட்ட அதன் பள்ளங்களில் ஊர்ப்பெயர், சாந்து, பதித்தவரின் விரல் தடம் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நம்மிடையே புழங்கும் 'பாரம்பரியச் சொல்லாடல்' முழுக்க முகத்தைப் பார்த்துப் பேசுவது. முதுகின் வழியாக அதே வரலாற்றைப் படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

கல் ஜப்பானில் பிறந்தாலும் அதைச் செய்யும் முறை இங்கிலாந்தில் பிறந்தது. 1840-ல் ரிச்சர்ட் பிராஸர் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய உலர்ந்த களிமண் பொடியை இரும்பு அச்சில் வைத்துப் பலமாக அழுத்தி வடிவம் கொடுக்கும் முறை. அவர் மனதில் இருந்தவை பொத்தான்கள். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரின் பீங்கான் முதலாளி ஹெர்பர்ட் மின்டன் அந்தக் காப்புரிமையில் பங்கு வாங்கி, பொத்தானைச் சுவர்க்கல்லாக விரித்தார். ஈர மண்ணில் செய்கிற ஓடு காயும்போது சுருங்கும், கோணும். ஒன்றைப்போல் இன்னொன்று இராது. பொடியை அழுத்திச் செய்த கல் கோணாது, சீக்கிரம் காயும், அனுபவசாலிக் கைவினைஞர் வேண்டியதில்லை. ஆயிரம் கல்லும் ஒரே கல். 1851 லண்டன் கண்காட்சியில் மின்டன் தன் 'மஜோலிகா' பொருட்களைக் காட்டினார். அந்த வண்ணக் கண்ணாடிப் பூச்சைத் தயாரித்தவர் அவரிடம் வேலை பார்த்த லியோன் ஆர்னூ என்கிற பிரெஞ்சுக்காரர். மஜோலிகா என்ற சொல் மயோர்கா தீவின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஸ்பெயின் நாட்டுப் பாண்டங்கள் அந்தத் தீவு வழியாக இத்தாலிக்குப் போனதால் இத்தாலியர்கள் தீவின் பெயரைப் பாண்டத்துக்கு வைத்துவிட்டார்கள். ஆக, பெயரிலேயே ஒரு துறைமுகம் இருக்கிறது. செய்த ஊர் மறைந்து, ஏற்றி இறக்கிய ஊர் நின்றுவிட்டது.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இந்தக் கல் போய் ஒட்டிக்கொண்ட இடங்களைக் கவனிக்க வேண்டும்: மருத்துவமனை, பால்கடை, இறைச்சிக்கடை, குளியலறை, சுரங்க ரயில் நிலையம். கூட்டம் கூடுகிற, உடம்பு உரசுகிற, கசிவு வழிகிற இடங்கள். காலராவுக்கும் நகர நெரிசலுக்கும் பிறகு எழுந்த சுகாதாரச் சொல்லாடலின் உடுப்பு என்றே அதைச் சொல்லலாம். அழுக்கு கண்ணுக்குத் தெரியவேண்டும், தெரிந்த உடனே துடைத்துவிட வேண்டும். இது காலனிகளுக்குக் கப்பலேறியபோது, நம் ஊரில் ஏற்கெனவே இருந்த வேறொரு சுத்தத்தோடு கைகோத்துக்கொண்டது. அதைப் பிறகு பேசலாம்.

ஜப்பானியர் இந்தக் கல்லைப் பார்த்துப் பழகி, பார்த்தபடி அச்சு வெட்டி, பலமுறை தோற்று, 1908 வாக்கில் நகோயாவிலும் அவாஜி தீவிலும் உலர்பொடி முறையில் புடைப்பு வண்ணக் கற்களைச் செய்து முடித்தார்கள். அவாஜி ஆலையின் பெயர் தாந்தோ, 1885-ல் தொடங்கியது. அவாஜி என்பதன் முதல் எழுத்தையும் மட்பாண்டம் என்பதற்கான எழுத்தையும் சேர்த்த பெயர். ஆங்கிலக் கல்லின் ரோஜாவையும் கொடியையும் அவர்கள் முதலில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நகல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மின்டனின் கல்லே இத்தாலிய மஜோலிகாவின் நகல், இத்தாலியனுக்கு ஸ்பானிய முன்மாதிரி, ஸ்பானியனுக்கு அரபு முன்மாதிரி. எங்கே நின்று இதுதான் அசல் என்று கைகாட்டுவது? ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் இன்று இதை 'வாஸெய் மஜோலிகா', அதாவது ஜப்பானில் செய்த மஜோலிகா என்றுதான் அழைக்கிறார்கள். முதுகில் இருக்கிற முத்திரையைப் பெயரின் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நேர்மைதான்.

1914-ல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் ஆங்கிலக் கற்களின் வரத்து குலைந்தது. அந்த இடைவெளியில் ஜப்பானியக் கல் நுழைந்தது. சீனா, தைவான், சிங்கப்பூர், மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா என்று பரவியது. ஜப்பானுக்குள்ளேயே இந்தப் பொருளுக்கு ஒரு பெயர் நிலைத்தது 1922-ல்தான். அந்த வருஷம் டோக்கியோவில் நடந்த அமைதிக் கண்காட்சியை ஒட்டிக் கூடிய தொழில்துறையினர், அதுவரை வழங்கிய பல பெயர்களை விட்டுவிட்டு 'தைரு' என்ற ஆங்கில வழிச் சொல்லை ஏற்றார்கள். கைவிடப்பட்ட பெயர்களில் ஒன்றுக்கு 'இடுப்பு ஓடு' என்று பொருள். நண்பர் வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டேன். அதே 1922-ல் பம்பாயில், சுதேசி உந்துதலில், பாரத் டைல்ஸ் நிறுவனம் சிமெண்டுத் தரைக்கல் செய்யத் தொடங்கியது. ஆனால் சுவரின் பளபளப்பு அந்நியமாகவேதான் வந்துகொண்டிருந்தது.

அந்நியம் என்று சொல்லும்போதே ஒரு சிக்கல். ஜப்பானிய ஆலைகள் இந்தியச் சந்தைக்கென்று லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன், பிள்ளையார் உருவம் கொண்ட கற்களைச் செய்து அனுப்பின. உருவங்களுக்கு மூலம், பெரும்பாலும், ரவிவர்மா அச்சகத்துப் படங்கள். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் ஜெர்மன் தொழில்நுட்பத்தில், ஜெர்மன் ஆட்களை வைத்துக்கொண்டு ஓடியது. பிறகு ஒரு ஜெர்மானியர் கைக்கே போயிற்று. கேரளத்து அரச குடும்பத்து ஓவியர் ஒருவர் ஐரோப்பிய எண்ணெய் வண்ண மரபில் கற்பனை செய்த லட்சுமியை, ஜெர்மன் கல்லச்சு இயந்திரம் காகிதமாக்க, அந்தக் காகிதத்தைப் பார்த்து ஜப்பானியர் களிமண்ணாக்க, அது கப்பலேறி வந்து செட்டிநாட்டு வீட்டில் பொட்டும் பூவும் வாங்கிக்கொண்டது. இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் 'ஒளிவட்டத்தை' அழித்துவிடுகிறது என்று அதே பெஞ்சமின் வேறொரு இடத்தில் சொல்வார். இங்கே ஆயிரத்தில் ஒன்றாக அச்சில் விழுந்த களிமண் துண்டுக்கு முன் கற்பூரம் காட்டுகிறோம். நம் சூழலுக்கு அந்தக் கோட்பாட்டைக் கொண்டுவருகிறவர்கள் இந்தக் கற்பூரத்துக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

செட்டிநாட்டில் இந்தக் கல் ஏன் வேண்டியிருந்தது? வெறும் சுவர் என்றால் புரியும். ஆனால் இங்கே சுவர் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து எடுத்த சுவர் கையை வைத்தால் வழுக்கும். நூறு வருஷமானாலும் வெள்ளையடிக்க வேண்டாம். இவ்வளவு இருந்தும், அதன்மேல் ஜப்பான் கல். (காலடியில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல் வேறு. அது உள்ளூர் மணலும் சிமெண்டும் வண்ணமும் கண்ணாடித் தகட்டின்மேல் ஊற்றிச் செய்வது, சூளைக்குப் போகாதது. பத்திரிகைகளில் இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள்.) தேய்த்த சுவரின் மினுக்கம் உள்ளூர்க் கையின் உழைப்பு. ஜப்பான் கல்லின் மினுக்கம் விலைக்கு வாங்கியது. அது வந்த தூரமே அதன் மதிப்பு. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று இன்றைக்கும் ஊர்ப்பெயர் சொல்லியே பெருமைப்படுவதைக் கேட்கலாம். வீடு என்பது வணிகனின் வரைபடம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உயரத்தைப் பாருங்கள். கல் நின்றது உட்கார்ந்தவரின் முதுகும் தலையும் சாய்கிற மட்டம்வரை. தரையில் உட்கார்ந்து சாய்கிற சமூகத்தில் சுவர் உடம்பைத் தொடுகிற இடம் அது; தலை எண்ணெய் ஊறிக் கறுக்கிற இடம். அந்த எல்லைக்கு மேலே சுண்ணாம்பு, கீழே கழுவக்கூடிய கல். யார் எதுவரை வரலாம், யார் எங்கே சாயலாம், எதைத் தொட்டால் எதைக் கழுவ வேண்டும் என்ற கணக்கு, திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. விக்டோரியா சுகாதாரம் கிருமிக்காகக் கண்டுபிடித்த சுவர், இங்கே தீட்டுக்கும் பொருந்திவிட்டது. கிருமியைத் துடைக்கிறோமா, மனிதரைத் துடைக்கிறோமா என்று கல்லுக்குத் தெரியாது. இது என் வாசிப்புதான். ஆவணம் காட்டி நிறுவக்கூடியதல்ல. ஆனால் 'சுத்தம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டையும் வைத்துப் புழங்குகிற நமக்கு இந்த வாசிப்பு ரொம்ப அந்நியமாகவும் இருக்காது.

இந்தக் கற்களுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? முகத்தில் ரோஜாதான் இருக்கிறது. 1929-30 பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் லேவாதேவிக் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. ஐராவதி டெல்டாவின் காட்டைத் திருத்தி நெல்வயலாக்கிய பர்மிய விவசாயிக்கு நடவுக்கும் மாட்டுக்கும் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் இவர்கள். 1930-ல் நெல் விலை சரிந்தது. அந்த டிசம்பரில் சயா சான் கிளர்ச்சி வெடித்தது. கடன் திரும்பவில்லை, அடகு நிலம் கைமாறியது. முக்கிய நெல் விளையும் 13 மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம். 1937-38 வாக்கில் 25 சதவீதம். எட்டு வருஷத்துக்குள் கால் பங்கு. இதில் அவர்களுடைய பக்கமும் ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம், நிலமல்ல. அவர்களே வங்கிகளுக்கும் சொந்தபந்தத்து வைப்புக்காரர்களுக்கும் கடன்பட்டிருந்தார்கள். வாங்குவாரில்லாத நிலம் தலையில் விழுந்தது. ஆனால் ஹந்தாவடியிலோ தாராவடியிலோ நிலத்தை இழந்து அதே வயலில் குத்தகைக்கு நின்ற விவசாயிக்கு இந்த நுணுக்கம் எதுவும் ஆறுதலாகியிருக்காது. ஜப்பான் கற்கள் செட்டிநாட்டுச் சுவரேறியதும் ஏறத்தாழ இதே இரண்டு பதின்ஆண்டுகளில்தான். இந்தக் கல் அந்த ஏக்கரின் வட்டி என்று ஒன்றுக்கொன்று கோடு இழுத்துக் காட்ட என்னிடம் கணக்குப் புத்தகம் கிடையாது. கோடு இழுக்க முடியாதபடி பணம் எல்லாத் தடயத்தையும் துடைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பணத்துக்கும் ஒரு கண்ணாடிப் பூச்சு உண்டு.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் கிளம்பினார்கள். நடந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வட்டிக்கடைக்காரர்கள் அல்ல. துறைமுகக் கூலிகள், அரிசி ஆலைக் கூலிகள், துப்புரவுத் தொழிலாளிகள் என்பதை நம்முடைய 'பர்மா நடைப்பயண' நினைவுகள் போதுமான அளவு சொல்வதில்லை. தப்பி வந்த முதலாளி வீட்டுக்குள் நுழைந்து சுவரில் சாய்ந்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது ஜப்பான். அவர் அதை அப்படி நினைத்திருக்க மாட்டார். 1948-க்குப் பிறகு சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கியது. 1960-களில் நே வின் ஆட்சி கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. வீடுகள் நின்றன. வெளிச்சுவரைத் தாங்கிய வருமானம் நின்றுபோயிற்று.

இந்தப் பகுதியில் பழைய வீட்டை இடிப்பது என்று பொதுவாகச் சொல்வதில்லை, 'பிரிக்கிறது' என்பார்கள். பாகப்பிரிவினைக்கும் அதே சொல்தான். இது வெறும் தற்செயல் ஒலி அல்ல. வளவைச் சுற்றிய இரட்டை அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும், என்று இருக்க, முகப்பும் வளவும் பட்டாலையும் எல்லோருக்கும் பொது. மூன்று தலைமுறையில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்குக்காரர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். சென்னை, கோலாலம்பூர், நியூஜெர்சி என்று இருக்கிற அவர்களால் வீட்டைப் பிரித்துக்கொள்ள முடியாது. வளவை எப்படி நாற்பதாக வெட்டுவது? ஆனால் வீட்டைப் 'பிரித்து'விட்டால், தூணும் கதவும் நிலையும் உத்தரமும் கல்லும் தனித்தனி விலையாகும். விலையை நாற்பதால் வகுக்கலாம். சதுர அடிக்கு நாலாக ஒரே அளவில் அச்சிட்ட ஜப்பான் கல்லைவிடச் சுலபமாக வகுபடக்கூடிய சொத்து அந்த வீட்டில் வேறு கிடையாது. பிராஸரின் பொத்தான் புத்தி ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இப்படியும் உதவுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இந்தக் கற்கள் அடுக்கியிருப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம். பழைய மாளிகைகளைத் தங்கும் விடுதியாக்குகிறவர்கள், நகரத்து உணவகக்காரர்கள், உள்அலங்கார நிபுணர்கள் வாங்குகிறார்கள்.

பாதுகாக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வேறிடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், போர்ச்சுகலில் 2017-ல் ஒரு சட்டமே கொண்டுவந்து, கட்டட முகப்பிலிருந்து பழைய அசுலேஜோ கற்களைப் பெயர்ப்பதைத் தடுத்தார்கள். தைவானில், சியாயி நகரத்தில், இடிபடும் வீடுகளிலிருந்து இதே ஜப்பான் மஜோலிகாவை எடுத்துக் கழுவிச் சேர்த்துத் தனியார் முயற்சியில் ஒரு அருங்காட்சியகம் நடக்கிறது. தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் காலனி. அங்கே அந்தக் கல்லின் முதுகைப் படிப்பதற்கு ஓர் அரசியல் காரணம் இருக்கிறது. நம்மிடம் கேட்டால், 'நம்ம முன்னோர் எவ்வளவு ரசனையா வாழ்ந்திருக்காங்க பாருங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போர்ச்சுகல் பாணிச் சட்டம் இங்கே வந்தாலும், உள்கட்டுச் சுவரை அது தொடாது. நாற்பது பங்காளிகளின் பிரச்சினையைச் சட்டம் என்ன செய்யும்?

பெயர்க்கிறவரைப் பற்றியும் பேச வேண்டும். வடபாதிச் சுவரில் உளி தோற்றதும், "மிசினப் போட்ருவோம்" என்று கொத்தனார் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். கிரைண்டர் கல்லிலும் சிமெண்டிலும் இறங்கியதும் இரண்டாங்கட்டு முழுக்க வெள்ளைப் புகை. அது வெறும் புழுதியல்ல. சுட்ட கல்லின் உடம்பிலும் சாந்து மணலிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. உலர வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத துகளாகி நுரையீரலில் போய்த் தங்கும். அதனால் வரும் சிலிகோசிஸுக்குக் குணமில்லை. போதாததற்கு மஜோலிகாவின் அந்தக் குழைவான பச்சைக்கும் ரோஜா நிறத்துக்கும் அடியிலுள்ள பூச்சு ஈயம் கலந்தது. சுவரில் இருக்கும்வரை கெடுதலில்லை, பொடியானால் விஷம். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும், முகமூடி சரியானதாக இருந்தால் இன்னும் நல்லது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு படித்துத் தெரிந்தது. அன்றைக்குக் கொத்தனார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொண்டார். கூட வந்த சித்தாள் அம்மாவுக்கு அதுவும் இல்லை, முந்தானைதான். சல்லியை அள்ளிச் சட்டியில் சுமந்து வெளியே கொட்டியது அவர். புதிதாக ஒட்டப்போகும் 'ரெண்டுக்கு நாலு' கல் குஜராத்திலிருந்து, மோர்பியிலிருந்து, வந்து முற்றத்தில் இறங்கியிருந்தது. அங்கே பீங்கான் ஆலைத் தொழிலாளர்களிடம் இதே நோய் உண்டு. செய்கிறவர், பெயர்க்கிறவர் இருவர் நெஞ்சிலும் ஒரே தூசி. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் நடுவில் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

வடபாதியின் கடைசியில், மாடக்குழிக்குப் பக்கத்தில், ரோஜாக்களுக்கு நடுவே ஒரே ஒரு லட்சுமி. குங்குமம் வைத்து வைத்து நெற்றி மட்டும் மங்கியிருந்தது. கண்ணாடிப் பூச்சாலும் துடைக்க முடியாமல் போன ஒரு தடயம். கொத்தனார் மிசினை நிறுத்திவிட்டார். "இதுல நான் கை வைக்க மாட்டேங்க. வீட்ல பெரியவங்க சொல்லட்டும்." நண்பரின் பெரியாச்சி, எண்பத்தைந்து வயசிருக்கும், கைத்தடியோடு வந்து பார்த்தார். "அது சாமி இல்லப்பா, ஜப்பான் கல்லு. கொண்டாந்த அன்னைக்கே அப்பச்சி சொல்லிட்டாக. எடு, ஒண்ணும் ஆகாது" என்றார். சொல்லிவிட்டு, போகும்போது அதன்மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மிசின் வேண்டாம் என்று கொத்தனார் உளியையே எடுத்தார். முக்கால் மணி நேரம் தட்டியிருப்பார். சிமெண்ட் விடவில்லை. கடைசியில் லட்சுமி இடுப்புக்குக் கீழே குறுக்காக இரண்டாக வந்தாள். முதுகின் மேல்தோல் சுவரோடேயே தங்கிவிட்டது. உடைந்ததை வீட்டில் வைக்கக்கூடாது என்று இரண்டு துண்டையும் தன் துண்டிலேயே சுற்றி எடுத்துப்போய், ஊருணிக் கரை அரசமரத்தடியில், கண்ணாடி உடைந்த சாமி படங்களும் பழைய காலண்டர்களும் கிடக்கிற இடத்தில் சாத்தி வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் வியாபாரி ரோஜாக் கற்களை எண்ணி, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். லட்சுமியை எங்கே என்று கேட்டார், சொன்னோம். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் நடந்துபோனபோது படங்கள் இருந்தன, கல்லைக் காணவில்லை. நண்பர் வியாபாரிக்குப் போன் போட்டார். நான் எடுக்கலையே என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "ஆமா, அதுக்கு முதுகுல எழுத்து இருந்துச்சா?" என்று கேட்டார்.